பச்சை உடம்பும் வீட்டுப் பேச்சும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிள்ளை பெற்றவளுக்கு வரும் மனச்சோர்வுக்குப் பெரிய காரணம் உடலா, வீடா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், 'எல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை' என்று ஒரே வரியில் வீட்டாரை விடுதலை செய்துவிட்டார்.

சரி, ஹார்மோனுக்கே வருகிறேன். பிரசவமான சில நாளில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் சரிவது எல்லாத் தாய்க்கும்தான். முதல் வாரத்து அழுகையும் பலருக்கு வரும். இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காமல் நீள்கிறதே, வழக்கு அதைப் பற்றி. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியான ஆய்வில், 100க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. மிச்சப் பேருக்கு ஹார்மோன் சரியவில்லையா? முன்பே மனச்சோர்வு இருந்தவருக்கு ஆபத்து கூடும் என்பார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வு சொன்ன காரணங்கள் என்ன? குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரம், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது, மாமியாரோடு பிணக்கு. மாமியார் என்றதும் சிரிக்கிறீர்கள்! பெற்றவர்களோடு பிணக்கும் அதே பட்டியலில் இருக்கிறது, ஐயா. அதே ஆண்டு வந்த கோவா ஆய்விலும் பண நெருக்கடி, புருஷனோடு சரியில்லாத உறவு, பெண் குழந்தை.

என் தங்கைக்கு இரண்டாவதும் பெண். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, 'பரவாயில்லை விடு, மகாலட்சுமி வந்திருக்கா.' அவள் எப்போது வருத்தப்பட்டாள்? அப்புறம் 'பால் பத்துதா?' 'பச்சை உடம்பு, குனியாதே.' 'நீ தூங்கினாயா?' என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. இருபதாம் நாள் குழந்தை வீறிட்டு அழ, இவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'திமிர்' என்றார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் 'எடின்பரோ அளவுகோல்' என்ற கேள்வித்தாளின் 10 கேள்விகளை மருத்துவர் கேட்டார். கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா என்பது முதல் கேள்வி. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசி. அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை, அம்மா, நான் என்று எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, ராத்திரி யார் யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று முறை போட வைத்தார்.

நடுவர் அவர்களே, ஹார்மோன்தான் குற்றவாளி என்றால் எங்களை எதற்கு உள்ளே கூப்பிட்டார்?