குடித்த தண்ணீர் தோலுக்கு எப்போது வந்து சேரும்?

[திரை: முன்கை, மிக அருகில். நகம் ஒரு கோடு இழுக்கிறது.]

முன்கையில் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாம்பல் பூத்ததுபோல வெள்ளையாகக் கோடு விழுகிறதா? தோல் வறண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இந்தப் பரிசோதனையைச் செய்பவர் என் அத்தை. கோடு விழுந்துவிட்டால் அவர் தரும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: "முதலில் ஒரு செம்பு தண்ணீர் குடி."

அத்தை சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த வீடியோ. மூன்று பானங்களை மிக்சியில் அடிக்கப் போகிறோம். "ஏழே நாளில் முகம் பளபளக்கும்" என்ற வாக்கியம் இதில் வராது. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே அடுத்த வீடியோவுக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

[திரை: செங்கல் சுவரின் படம். அதன் மேல் தோலின் குறுக்குவெட்டு வரைபடம் வந்து பொருந்துகிறது.]

நாம் குடிக்கும் தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக் குழாய்கள் தோலின் உள்ளடுக்கு வரைதான் வருகின்றன. மேலடுக்கில் ரத்தக் குழாயே கிடையாது. நாம் தொட்டுப் பார்ப்பது அந்த மேலடுக்கின் உச்சியில் இருக்கும், இறந்த செல்களால் ஆன மெல்லிய படலத்தை. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிட்டால், உடம்பின் பெரும்பகுதியில் அதன் கனம் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். அந்தப் படலம் ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கற்கள். இடையில் பூசியிருக்கும் காரை, கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் பிடித்து வைப்பது அந்தக் காரைதான். அப்படிப் பிடித்தும்கூட, வியர்வையைச் சேர்க்காமலே நாளொன்றுக்கு 350 மில்லி அளவுக்குத் தண்ணீர் நமக்குத் தெரியாமல் தோல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும், சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பதும் அந்தக் காரையைப் பெயர்த்துவிடும். காரை பெயர்ந்த தொட்டியில் எத்தனை குடம் ஊற்றினால் என்ன? ஆகவே நகக்கோடு விழும் கைக்கு முதல் மருந்து, குளித்த ஈரம் காய்வதற்குள் தடவும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அது வெளிவேலை. குடிப்பதால் நடப்பது உள்வேலை. வெயிலில் இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருவது, உள்ளடுக்கைக் கட்டிக் காக்கத் தேவையான சரக்கை அனுப்பிவைப்பது, இவ்வளவுதான் அதன் எல்லை.

[திரை: மேசையில் வெள்ளரிக்காய், தயிர், கறிவேப்பிலை, இஞ்சி. மிக்சியின் பெரிய ஜார்.]

முதல் பானம், வெள்ளரி மோர். கத்திரி வெயிலில் வெளியே போய்விட்டு வந்த உடம்புக்கு.

நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்று. காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை முழுவதுமாகத் தூக்கி எறியுங்கள். உப்புப் போட்டுச் சரிசெய்கிறேன், எலுமிச்சை பிழிந்து சமாளிக்கிறேன் என்று இறங்காதீர்கள். வெள்ளரி, சுரை, பீர்க்கு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் கசப்பாக வருவது குகுர்பிட்டசின் என்ற நச்சு. கசந்த சுரைக்காய்ச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, நம் நாட்டில் உயிரை விட்டவர்களே இருக்கிறார்கள்.

கசக்காத காயைத் தோலோடு நறுக்கி, சிறு துண்டு இஞ்சி, ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை வறுத்த சீரகத்தூள் சேர்த்து, தண்ணீர் விடாமல் அரையுங்கள். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான், அதுவே விட்டுக்கொள்ளும். விழுதானதும் அரை டம்ளர் தயிரும் ஒன்றரை டம்ளர் பானைத் தண்ணீரும் ஊற்றுங்கள். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மிக்சியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்ற விடுங்கள். கெட்டித் தயிரைக் குளிர்ந்த தண்ணீரோடு நிறுத்தாமல் ஓடவிட்டால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தால் வருந்துவார்கள். இங்கே திரள்வதே வருத்தம், ஏனென்றால் அடியில் மிஞ்சும் மோர் தண்ணீராகிவிடும்.

இதில் உப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வியர்வையில் தண்ணீரோடு சோடியமும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீரகம் அதை அப்படியே வழியனுப்பிவைக்கும். கொஞ்சம் உப்பு இருந்தால் தண்ணீர் உடம்பில் தங்கும். இளநீர் அருமையான பானம்தான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்த்துக் கொட்டிய நாளில் உப்புப் போட்ட மோர் அதைவிடப் பொருத்தம். இந்தக் கால் தேக்கரண்டியில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு இருக்கிறது. நாள் முழுவதற்கும் சேர்த்தே 5 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்து, சீரகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

[திரை: மூன்று நெல்லிக்காய்கள். கத்தி, அதன் கோடுகளை ஒட்டி இறங்குகிறது.]

இரண்டாவது, நெல்லிக்காய் மோர்.

தோலின் உள்ளடுக்கைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். அந்த இழைகள் முறுக்கேறி உறுதியாவதற்கு வைட்டமின் சி வேண்டும். ஆடு, மாடு, நாய் எல்லாம் அதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பழைய கடலோடிகள் பார்த்தார்கள். ஸ்கர்வி என்ற நோய் வந்து ஈறுகளில் ரத்தம் கசிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன தழும்புகள்கூட மறுபடி வாய் பிளந்தன. தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல, உடம்பு அதை ஓயாமல் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது. சரக்கு நின்றதும் சுவர் சரிந்தது. 1747இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் சட்டென்று தேறினார்கள்.

நம் ஊரில் அந்தக் கவலை வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நல்ல பெருநெல்லி ஒன்றே அந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட முடித்துவிடும். அதற்கு மேல் போனால் தோல் இன்னும் மினுமினுக்கும் என்று நினைத்துப் பத்து நெல்லிக்காயை அடித்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மினுமினுத்ததாகத் தெரியவில்லை, வயிறு எரிந்ததை அவர்களே சொன்னார்கள்.

இரண்டு பேருக்கு மூன்று நெல்லிக்காய், கொட்டை நீக்கி. அரைப் பச்சைமிளகாய், ஐந்தாறு கறிவேப்பிலை, உப்பு. மைய அரைத்து இரண்டு டம்ளர் நீர்மோரில் கலக்குங்கள். வடிகட்ட வேண்டாம். வடிகட்டியில் தங்கும் சக்கையில்தான் நார் இருக்கிறது.

இதைச் செய்த உடனே குடிக்க வேண்டும். மிக்சியின் பிளேடு காயை மட்டும் அரைப்பதில்லை, காற்றையும் சேர்த்து அடிக்கிறது. அந்தக் காற்றில் வைட்டமின் சி மெல்ல மெல்லச் சிதைகிறது. வெள்ளரிக்காயிலோ இந்தச் சிதைவை விரைவுபடுத்தும் ஒரு நொதியே இருக்கிறது. அதனால்தான் வெள்ளரியையும் நெல்லியையும் ஒரே ஜாரில் போடாமல் தனித்தனி நாளுக்கு வைத்தேன். இன்னொன்று, அத்தையின் செம்பு. செம்பு உலோகம் பட்டாலும் வைட்டமின் சி வேகமாக அழியும். அதோடு, ஈயம் பூசாத செம்பில் புளிப்பு எதை ஊற்றினாலும் களிம்பு ஏறும். செம்பில் தண்ணீர் வையுங்கள், மோர் வைக்காதீர்கள்.

[திரை: இரண்டு சிறிய வாணலிகள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் துருவிய கேரட் விழுகிறது.]

மூன்றாவதுக்கு முன் ஒரு சின்ன வேடிக்கை. இரண்டு வாணலியிலும் ஒரே அளவு கேரட், ஒரே அளவு தீ. நான்கு நிமிடம் பொறுங்கள்.

[திரை: தண்ணீர் வெளிறிய மஞ்சள். எண்ணெய் பழுத்த ஆரஞ்சு. கரண்டியில் இரண்டையும் அருகருகே காட்டுதல்.]

தண்ணீர் அப்படியே வெளிறிக் கிடக்கிறது. எண்ணெயைப் பாருங்கள், கோயில் குங்குமம் கரைத்த மாதிரி. கேரட் அல்வாவின் ஓரத்தில் கசியும் நெய் ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். கேரட்டின் நிறம் பீட்டா கரோட்டின். அது கொழுப்பில்தான் கரையும். உடம்பு அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. தோலின் மேல் செல்கள் ஒழுங்காக வளர்ந்து உதிர அது தேவை.

இப்போது கடைக்குக் கடை கிடைக்கும் ஏபிசி ஜூஸை நினைத்துப் பாருங்கள். ஆப்பிள், பீட்ரூட், கேரட். பச்சையாக அரைத்து, சக்கையைப் பிழிந்து எறிந்து, சர்க்கரை போட்டு, ஐஸ் போட்டுத் தருகிறார்கள். சொட்டுக் கொழுப்பு கிடையாது. கரோட்டினில் பெரும்பங்கு அந்தக் குப்பைக்கூடையிலேயே இருக்கிறது. எனக்கு அந்த ஜூஸ்மேல் விரோதம் ஒன்றுமில்லை, சுவை நன்றாகத்தான் இருக்கும். தோலுக்காக என்று காசு கொடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்து வந்தால் பயப்பட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம்முடையது கேரட் தேங்காய்ப்பால். இரண்டு கேரட்டைத் தோல் சீவி, நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் மெத்தென்று வேகவையுங்கள். வெந்தால் செல்சுவர்கள் இளகி நிறம் எளிதில் வெளியே வரும். பிறகு ஆறவையுங்கள். ஆற வையுங்கள் என்று சொல்வதற்கு என்னிடம் சான்று இருக்கிறது.

[திரை: கேமரா மெல்ல மேலே நிமிர்கிறது. வெள்ளைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆரஞ்சுக் கறை, சுற்றிலும் சின்னச் சின்னத் தெறிப்புகள்.]

போன வருடம் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஜாரில் ஊற்றி மூடி, சுவிட்சைத் திருப்பினேன். உள்ளே சேர்ந்த ஆவி மூடியைத் தூக்கி அடித்தது. மூடியைப் பிடித்திருந்த கையில் கொப்புளம். வெள்ளையடித்தும் கறை முழுதாகப் போகவில்லை. எண்ணெயில் மட்டும் கரையும் நிறம் அல்லவா.

ஆறிய கேரட்டை, வேகவைத்த தண்ணீரோடு, ஒரு ஏலக்காயும் கொட்டை நீக்கிய ஒரு பேரீச்சம்பழமும் சேர்த்து மைய அரையுங்கள். கால் மூடித் தேங்காயைத் துருவிப் பிழிந்த முதல் பாலை ஊற்றி, கரண்டியால் கலக்கினால் போதும். கொஞ்ச நேரத்தில் மேலே பொன்னிறத்தில் ஒரு வளையம் கட்டும். அதுதான் நமக்கு வேண்டியது. ஒரு டம்ளர், வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் கேரட்டாகவே குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணின் வெண்மை மாறாமல் உள்ளங்கை மட்டும் மஞ்சளித்திருந்தால் அது பெரும்பாலும் கேரட்டின் வேலை, நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். கண்ணும் மஞ்சளானால் மருத்துவரிடம் போங்கள்.

கருத்துகளில் நீங்கள் கேட்கப்போவதற்கு இப்போதே பதில். கற்றாழை? மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பால் பேதியைக் கொண்டுவரும். அது முழுவதும் வடிந்து, சோற்றைப் பலமுறை அலசிய பிறகே தொடலாம். கர்ப்பிணிகள் அதையும் தவிர்ப்பது நல்லது. பச்சைப் பசலைக்கீரை ஸ்மூத்தி? அதில் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் பக்கமே போக வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. முகப்பருவுக்கு எது? மேலே சொன்ன மூன்றும் இல்லை. பரு வேறு கதை, வேறு வீடியோ.

[திரை: சமையலறை. நெல்லிக்காய் மோர் டம்ளரில் ஊற்றப்படுகிறது. அத்தையின் கை வந்து எடுக்கிறது.]

குடித்து முடித்ததும் ஜாரில் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவமும் விட்டு ஒரு சுற்று ஓடவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். நேற்றைய தயிர் ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

"எப்படி இருக்கிறது அத்தை?"

"உப்புக் குறைவு. அதிருக்கட்டும், கையை நீட்டு, கோடு விழுகிறதா பார்க்கலாம்."