வெற்றிலைச் சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்! மிக்ஸி படுத்தது, ரொட்டி உப்பியது

வணக்கம் மக்களே. முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம் அடுப்படிக்குப் போகலாம். மக்காச்சோளத் தோல் இருக்கிறதல்லவா? கதிரைச் சுற்றி இருக்கும் பச்சைத் தோல், நாம் உரித்துத் தூரப் போடுவது. அதைக் காயவைத்துப் பாக்கெட்டில் அடைத்து ஆன்லைனில் 649 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். டெலிவரி தனி! நம் வேலூர்க் கோட்டை எதிரில் சுட்ட சோளமே 40 ரூபாய், அதுவும் ஞாயிற்றுக்கிழமை விலை. 649 ரூபாய்க்கு 16 கதிர் வாங்கித் தின்று, தோலையும் வீட்டுக்குக் கொண்டு வரலாம். மீதி 9 ரூபாய் கையில் இருக்கும். டவுன் பஸ் நமக்கு இலவசம், அதனால் அந்த 9 ரூபாயும் செலவாகாது. இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். "16 கதிர் தின்னா வயிறு என்னாகும்னு கணக்கு போட்டியா?" என்று கேட்டார்.

தோல் எதற்கு? மெக்சிகோவில் தமால் என்று ஒன்று செய்கிறார்கள். சோள மாவை இந்தத் தோலில் வைத்து, நடுவில் கறியோ மிளகாயோ பீன்ஸோ வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. தோலைத் தின்பதில்லை, பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். அதைச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வீடியோவின் கீழே பாதிப் பேர் "அக்கா, தமால் எங்கே?" என்றுதான் கேட்டிருந்தீர்கள். இன்று தோலும் மாவும் தயார் பண்ணி, முதலில் அந்த மாவில் ரொட்டி.

சரி, கோட்டைக்குப் போனேன். அகழி ஓரத்தில் வண்டி போட்டிருக்கும் அம்மாவிடம் சோளம் கேட்காமல் தோல் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார். "இன்னாம்மா, மாட்டுக்கா?" என்றார். சமையலுக்கு என்றதும் பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தார். கீழே மூட்டையாகக் கிடந்தது, ஆனால் எல்லாம் கிழிசல். அவர்கள் நுனியிலிருந்து இழுத்துக் கிழிப்பார்கள், நமக்கு முழுசாக வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. காம்புப் பக்கம் கத்தியை வைத்துச் சுற்றிலும் ஒரு வெட்டு வெட்டினால் ஒவ்வொரு மடலும் கிண்ணம் கிண்ணமாகக் கழன்று வரும். அப்படி வெட்டித் தாருங்கள் என்றேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அவர் கைக் கரி விசிறியை என் பக்கமே வீசுகிறார்! கடைசியில் நான் கத்தியை வாங்கி நானே வெட்டினேன். மூட்டை வழக்கமாக மாட்டுக்காரருக்குப் போகும், அதனால் 10 ரூபாய் வேண்டும் என்றார். கொடுத்தேன். 649 எங்கே, 10 எங்கே? இதை இந்த வீடியோ முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் விரித்தேன். வேலூர் வெயிலுக்கு ஒரே பகலில் காகிதமாகிவிட்டது. வேண்டும்போது வெந்நீரில் போட்டால் மறுபடி துவண்டுவிடும்.

அடுத்து மாவு. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கடையில் கார்ன்ஃபிளவர் என்று வெள்ளையாக விற்பது வெறும் ஸ்டார்ச், சூப் கெட்டியாக்க மட்டும் ஆகும். ஸ்வீட் கார்னும் ஆகாது. அதில் சர்க்கரை மாவுச்சத்தாக மாறாமல் நின்றுவிடும், பிஞ்சிலேயே பறித்தும் விடுவார்கள். கப்பில் வெண்ணெய் மசாலா போட்டு விற்பார்களே, அந்தச் சாமான் எனக்கு ஜென்மத்துக்கும் பிடிக்காது, உங்களுக்கே தெரியும். நமக்கு வேண்டியது முற்றிக் காய்ந்த நாட்டு முத்து. தமிழ்நாட்டில் விளைகிற மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்கே போகிறது, எல்லாம் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளின் வாய்க்கு. அதனால் மண்டித் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் "எத்தனை கோழி வளக்கறீங்க?" என்ற கேள்வி. தீவனக் கடையில் மட்டும் வாங்காதீர்கள். பூஞ்சை பிடித்த முத்து கலந்திருக்கும், அது உடம்புக்கு ஆகாது. நான் சாப்பாட்டுத் தானியம் விற்கிற மளிகையில் வாங்கிக் கை நிறைய அள்ளி முகர்ந்து பார்த்தேன், கறுத்த முத்தைப் பொறுக்கித் தள்ளினேன்.

இப்போதுதான் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிற வெள்ளைச் சுண்ணாம்பு, நம் ஆயா டப்பாவில் இருப்பது. ஒரு கிலோ முத்துக்கு 10 கிராம் தூள் என்பது கணக்கு. நம்முடையது ஈரமாக இருப்பதால் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன். தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்க விட்டு, மூடி, ராத்திரி முழுக்க அப்படியே ஊற வைக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பும் வேண்டாம், கற்சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும்.

காலையில் மூடியைத் திறந்தால் மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் வாசனை. கையை விட்டுத் தேய்த்தேன். முத்தின் மேல்தோல் வழவழவென்று கழன்று விரலோடு வருகிறது! மஞ்சள் தோல், ஜெல்லி மாதிரி. கேமராவைப் பக்கத்தில் கொண்டு வந்து காட்டியிருக்கிறேன், பார்த்தீர்களா? சுண்ணாம்பு வாசனை போகும்வரை அலசினேன். அம்மா பார்த்துவிட்டு, உளுந்துக்கு இவ்வளவு சிரத்தை காட்டியிருந்தால் இட்லி நல்லா வந்திருக்கும் என்றார்.

இருங்கள், ஏன் சுண்ணாம்பு என்று சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறேன். மக்காச்சோளத்தை மனிதர்கள் வளர்த்தெடுத்தது மெக்சிகோவில், தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து, சுமார் 9000 வருடம் முன்பு. அந்தச் சோளத்தில் நியாசின் என்கிற வைட்டமின் இருக்கிறது, ஆனால் கட்டிப்போட்ட நிலையில். தின்றாலும் உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்பில் வேகவைத்தால் கட்டு அவிழும், கால்சியமும் ஏறும். மெக்சிகோ பாட்டிகளுக்கு இந்த வேதியியல் எல்லாம் தெரியாது, மாவு சேர்ந்து வந்தது, குழந்தைகள் திடமாக இருந்தார்கள், அவ்வளவுதான். 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கா போனதற்கு அப்புறம் விதை மட்டும் கப்பலேறி ஐரோப்பா போனது, பக்குவம் அங்கேயே நின்றுவிட்டது. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு வந்து, புத்தி கலங்கியது. பெலாக்ரா. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் அதைக் கண்டு எழுதினார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதுவே ஆயிரக்கணக்கில் சாகடித்தது. சாப்பாடுதான் காரணம் என்று அங்கே ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் தலையால் அடித்துச் சொன்னார். நியாசின்தான் மருந்து என்று 1937-இல்தான் உறுதியானது.

நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். தக்காணத்தில் வெள்ளைச் சோளமே சாப்பாடாக இருந்த ஏழைகளுக்கும் இந்த நோய் வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் அதை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், வட ஆற்காட்டில் எந்த வீட்டுத் திண்ணையிலும் சுண்ணாம்பு டப்பா இருந்தது. மக்காச்சோளமும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் ஒரு நாளும் சேரவில்லை! நாம் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டு, சோளத்தைச் சுட்டுக் கொறித்ததால் பிழைத்தோம்.

சரி, அரைப்பு. கிரைண்டர் உங்களுக்குத் தெரிந்த கதைதான், கல் கொத்த வேண்டும், கொத்துகிறவர் வரவில்லை. மிக்ஸியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம், அப்படியே நின்றுவிட்டது. நான் பயந்த பயம்! புது மிக்ஸி என்ன விலை என்று போனில் தேடவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது அண்ணன் மகள், இரண்டாவது படிக்கிற வாண்டு, மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்துகிறாள். கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் ஓடுகிறது! ஒவ்வொரு மிக்ஸிக்கும் அடியில் அந்தப் பட்டன் இருக்கிறதா, போய்க் கவிழ்த்துப் பாருங்கள், இந்த வீடியோவை நிறுத்திவிட்டே பாருங்கள். அப்புறம் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, துளித் துளியாகத் தண்ணீர் தெளித்து அரைத்தேன்.

பிசைந்தால் விரிசல் விடாமல் உருண்டை நிற்கிறது. சுண்ணாம்பு கரைத்த தோலின் பசைதான் மாவைப் பிடிக்கிறது. சாதாரண சோள மாவு ரொட்டி செய்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும், ஓரமெல்லாம் ஆந்திரா வரைபடம் மாதிரி பிய்ந்து வரும். பூரி அழுத்துகிற கட்டையில் பால் கவரை இரண்டாக வெட்டி வைத்து, நடுவே உருண்டையை வைத்து ஓர் அழுத்து. தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும். திருப்பி, மறுபடி திருப்பினால் புஸ்ஸென்று உப்பியது! நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பது வீடியோவில் கேட்கும்.

தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள் கத்தரிக்காய்ப் பொரியல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின நம் காய், விதை கம்மி, கசப்பு கிடையாது. கூடவே காராமணி. காராமணியை விடாதீர்கள், சோளத்தில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறு பயறில் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகள் சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து நட்டு மூன்று சகோதரிகள் என்றார்கள், தட்டையில் கொடி ஏறும், பூசணி இலை களையை அமுக்கும்.

ஆ, கதிரை வெட்டும்போது சொல்ல நினைத்து விட்டுப்போனது. ஒரு கதிரில் முத்து வரிசைகளை எண்ணுங்கள், 12, 14, 16 என்று இரட்டைப்படையில்தான் வரும், பூக்கள் ஜோடி ஜோடியாக வருவதால். அந்த முடி இருக்கிறதே, ஒரு முடிக்கு ஒரு முத்து. மகரந்தம் விழாத முடிக்கு அங்கே பொக்கை.

மீந்த தோலில் வாண்டுக்குப் பொம்மை செய்தேன். ஈரத் தோலை மடித்து, பூக்காரம்மா தந்த வாழைநாரால் கழுத்தையும் இடுப்பையும் கட்டினால் பாவாடைக்காரி தயார். வட அமெரிக்காவில் இரோக்குவாய் மக்கள் இதற்கு முகம் வரையமாட்டார்கள். தண்ணீரில் தன் அழகைப் பார்த்துக் கர்வம் பிடித்த பொம்மையிடமிருந்து படைத்தவன் முகத்தைப் பறித்துவிட்டான் என்று கதை. அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. மூக்கு முழியில்லாத பொம்மையை வீட்டில் வைக்கக் கூடாது என்று கண்மை எடுத்து வரைந்து, திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டார்.

அடுத்த வீடியோவில் தமால். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்து அடிப்பார்கள். நம் வீட்டில் அது நடக்காது, நெய்யா நல்லெண்ணெயா என்று சொல்லுங்கள். ஸ்வீட் கார்ன் போடலாமா அக்கா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், பிளாக் பண்ணிவிடுவேன்.