நோன்பில் அடங்கும் சிகரட் ஆசை, தேத்தண்ணிக் கடையில் ஏன் எழும்புகிறது?

[காட்சி: காத்தான்குடி பிரதான வீதி, நோன்பு காலத்துப் பின்னேரம்]

கிழக்கிலங்கையில், காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ நோன்பு மாதத்தில் இதைக் கவனித்திருப்பீர்கள். நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் முடிக்கிற ஆள்கூட விடியமுன் சஹரிலிருந்து அந்தி மஃரிப் பாங்கு வரை, 13 மணி நேரத்துக்கு மேல், ஒன்றையும் தொடுவதில்லை. காலை பத்து மணிக்குக் கேட்டால் "பரவாயில்லை" என்பார். பின்னேரம் ஆறு மணியாகட்டும், கண் மணிக்கூட்டிலேயே நிற்கும், பேச்சில் சூடு ஏறும். கஞ்சி உள்ளே போனதுதான் தாமதம், ஆள் வெளியே.

இதே ஆளுக்கு மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரம் தாங்காது.

இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பகல் பன்னிரண்டு மணிக்கே அவர் துடித்திருக்க வேண்டும். தலையிடி, எரிச்சல் எல்லாம் வரத்தான் செய்யும். ஆனால் 'இப்போதே ஒன்று வேண்டும்' என்ற ஆசை வேறொரு கணக்கில் ஓடுகிறது.

[காட்சி: விமானத்தின் உட்புறம், வரைபடம்]

டெல் அவீவ் பல்கலைக்கழக உளவியலாளர் ரூவன் டார் இதை விமானப் பணியாளர்களிடம் சோதித்தார். ஆய்வு 2010இல் வெளிவந்தது. எல்லோரும் புகைப்பவர்கள், விமானத்தில் புகைக்க வழியில்லை. குறுகிய பயணமோ நீண்ட பயணமோ, தரையிறங்கும் நேரம் நெருங்கும்போதுதான் ஆசை உச்சத்துக்குப் போனது. குறுகிய பயணம் முடிகிற அதே நேரத்தில், நீண்ட பயணத்தின் நடுவில் இருந்தவர்களுக்கு ஆசை குறைவு. கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, அடுத்தது எப்போது கிடைக்கும் என்பதுதான் அவர்களின் ஆசையைக் கூட்டிக் குறைத்தது.

சரி, இப்போது நம்முடைய தேத்தண்ணிக் கடைக்கு வாருங்கள்.

[காட்சி: கல்லடியில் ஒரு கடை, கட்டித் தொங்கும் லைட்டர்]

இங்கே தனிச் சிகரட் கிடைக்கும், லைட்டரும் கிடைக்கும், பக்கத்தில் கூட்டாளிமார். மனம் விடாமல் 'பிடிக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 'குறைத்துக்கொண்டேன், விசேஷத்துக்கு மட்டும்' என்பவர்கள் ஏன் படாதபாடு படுகிறார்கள் என்று இப்போது விளங்கும். ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு பேரம் நடக்கிறது. "வா மச்சான், ஒன்று பத்துவோம்" என்றால் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். நாளைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று அவருக்கும் விளங்கும், உங்கள் மனதுக்கும் விளங்கும். "நான் குடிக்கிறதில்லை" என்பது வேறு பதில். முதல் நாள் அது பொய் மாதிரித்தான் இருக்கும். இருக்கட்டும்.

தேத்தண்ணி பற்றி இன்னொன்று. இதைப் பலர் சொல்வதில்லை. சிகரட் புகை, தேத்தண்ணியில் உள்ள கஃபீனை ஈரல் உடைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. சிகரட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். முன்பு குடித்த அதே ஐந்து பிளேன்டீயில் கஃபீன் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, கை நடுங்கும். நீங்களோ 'சிகரட் இல்லாமல் என்னால் ஏலாது' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். தேத்தண்ணியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

"மனப்பாரத்துக்குத்தான் குடிக்கிறேன்" என்பவர்களும் உண்டு. யுத்தமும் சுனாமியும் கண்ட கரையில் அதைச் சும்மா சாட்டு என்று தள்ள மாட்டேன். ஆனால் சிகரட் பிடித்ததும் வரும் நிம்மதியில் பெரும்பங்கு, முந்தின சிகரட் விட்டுப்போன தவிப்பு அடங்குவதுதான். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. தொடர்ந்து குடித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

[காட்சி: செத்த வீட்டுப் பந்தல், கதிரைகள்]

விட்டவர் வழுக்குவது பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான். இரவு முழுக்க விழிப்பு, யாரோ நீட்டுகிறார், வாங்கிவிட்டார். அந்த ஒன்றைவிட அடுத்த நிமிடத்தில் வரும் எண்ணம்தான் ஆபத்து: 'எல்லாம் போச்சு, இனி என்ன.' அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இந்த எண்ணத்தைத்தான் ஆராய்ந்தார். வழுக்கலைத் தன் குணக்கேடாக எடுத்துக்கொள்கிறவர் பழையபடி திரும்பும் வாய்ப்புக் கூட. 'இந்த இடத்துக்கு நான் ஆயத்தமில்லாமல் வந்தேன்' என்று பார்ப்பவர் மீளும் வாய்ப்புக் கூட. ஆகவே குடிக்க முன்னம் உங்களோடு கறாராக இருங்கள். தவறிக் குடித்துவிட்டால் மென்மையாக இருங்கள். ஆட்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

நிகோடின் இல்லாத தவிப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சம், பிறகு சில வாரங்களில் தணியும். ஒவ்வொரு ஆசை அலையும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்த நிமிடங்களில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே, இடம் குறித்து முடிவு செய்யுங்கள்: 'சோறு தின்று முடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு வாவிக்கரைப் பக்கம் நடப்பேன்.' மொட்டையாக 'கட்டுப்படுத்துவேன்' என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வராது.

பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு அழையுங்கள். நோன்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நோன்பு பிடிப்பவராக இருந்தால், பெருநாள் காலையில் முதல் சிகரட்டை யாரிடம் வாங்குவீர்கள் என்று இப்போதே யோசியுங்கள், அந்த ஆளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.