ஒற்றை நுகம்

அனைவருக்கும் வணக்கம்.

நான் கால்நடை மருத்துவன். எருமைக்குச் சினை பார்த்து, ஊசி போட்டு, குறுக்கே கிடக்கும் கன்றை இழுத்துப் பழகிய கை இது. அதனால் பிலிப்பைன்ஸில் லூசோன் தீவுக்குப் போனபோது என் கண் முதலில் போனது வயலில் நின்ற எருமையிடம்தான். அதன் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

நமக்கு நுகத்தடி என்றால் இரண்டு மாட்டுக்கும் குறுக்கே போகிற நீளக் கட்டை. அங்கே நான் பார்த்தது, ஒரு கழுத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி வளைந்த சின்ன மரம். சிங்காவ் என்கிறார்கள். அதன் இரண்டு முனையிலிருந்தும் கயிறு புறப்பட்டு, எருமையின் விலாவை ஒட்டிப் போய், பின்னால் கலப்பையோடு சேர்கிறது. ஒரு எருமை, ஒரு உழவர், கையில் ஒரு மூக்கணாங்கயிறு. அவ்வளவுதான் ஏர். சோடி தேட வேண்டாம், சரி. ஆனால் அந்த ஒன்று படுத்துவிட்டால் அந்த வருஷம் அந்த வீட்டில் உழவு இல்லை. இன்று நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒற்றை நுகத்திலிருந்து வருவதுதான்.

தகாலோக் மொழியில் அந்த எருமைக்குக் கலபாவ் என்று பெயர். விசயா தீவுகளில் கரபாவ் என்பார்கள். அது ஸ்பானியர் வாயில் கரபாவோ ஆகி, உலகத்துக்கும் அப்படியே தெரிந்தது. வடக்கே இலோகானோ பேசுகிறவர்களுக்கு நுவாங், பம்பாங்காவில் தாமுலாக். கன்றுக்குத் தனிப்பெயர், புலோ. நாம் பால் கறக்கிற முர்ரா ஆற்றெருமை இனம். கலபாவ் சேற்றெருமை இனம். ஆற்றெருமைக்குக் குரோமோசோம் 50, சேற்றெருமைக்கு 48. கொம்பும் முர்ரா மாதிரிச் சுருளாது. அரிவாள் போல இரண்டு பக்கமும் விரிந்து பின்னால் வளையும். தொண்டைக்குக் கீழே மாலை போட்டாற்போல வெள்ளைப் பட்டை ஓடும்.

நெல் வயலுக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி கிடையாது. அகலமான குளம்பு, சேற்றில் விரிந்துகொடுக்கும். தொளி கலக்கும்போது அது மிதித்து மிதித்து அடிமண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. ஆனால் எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. வெயில் ஏற ஏறத் தவித்துப்போகும். ஆகவே விடிவதற்கு முன்பே ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்து, சேற்றுக் குட்டையில் விட்டுவிடுகிறார்கள். பொழுது சாயும்போது மறுபடி வேலை. அந்தக் கிராமத்தின் நேரத்தை வகுத்தது எருமையின் தோல்தான். சாயங்காலம் அதை ஆற்றில் தேய்த்துக் கழுவும் வேலை பையன்களுடையது. திரும்பும்போது முதுகில் ஏறிக்கொண்டு வருவார்கள். பிலிப்பைன்ஸின் முதல் தேசியக் கலைஞராக 1972-ல் அறிவிக்கப்பட்ட ஓவியர் ஃபெர்னாண்டோ அமொர்சோலோவின் வயல்வெளி ஓவியங்களில் அந்த வெயிலையும் அந்த எருமையையும் பார்க்கலாம்.

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்.

1880-களின் பிற்பகுதியில் அந்தத் தீவுகளுக்குள் மாட்டையும் எருமையையும் கொல்லும் வெக்கை நோய் புகுந்தது. 2011-ல் உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்களே, அதே நோய்தான். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் இது ஒன்றுதான். இளைய தலைமுறை மருத்துவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் ஏறும், கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், அப்புறம் நிற்காத கழிச்சல். சில நாளில் முடிந்துவிடும். அது ஓயுமுன்பே, தீவுகளை ஆண்ட ஸ்பெயினுக்கு எதிரான புரட்சி வந்தது, அதைத் தொடர்ந்து 1899-ல் அமெரிக்காவோடு போர். போர்க்காலத்தில் நோய் உச்சத்துக்குப் போனது. பத்தில் ஒன்பது எருமை மடிந்துவிட்டதாக, ஸ்பெயினுக்குப் பின் அங்கே வந்த அமெரிக்க ஆட்சியின் அறிக்கைகளே எழுதின.

ஒற்றை நுகத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக் கலப்பை சுவரில் சாய்ந்துவிட்டது. வயல் தரிசானது. நெல் விளைகிற நாடு அரிசியைக் கப்பலில் வரவழைத்துச் சாப்பிட்டது. அங்கே மலேரியா பரப்புகிற கொசு வழக்கமாக எருமையின் ரத்தத்தைக் குடிப்பது. எருமை போனதும் அது மனிதர்கள் பக்கம் திரும்பி, மலேரியா பெருகியது என்றும் ஒரு வரலாற்றாய்வு வாதிடுகிறது. கால்நடை மருத்துவனாக எனக்கு அது முழுக்க நம்பத் தகுந்ததாகவே படுகிறது. தொழுவம் காலியானால் கொசு வீட்டுக்குள்தான் வரும்.

1903-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பிலிப்பைன்ஸ் துயர் துடைப்புக்காக 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பங்கு எருமை வாங்கப் போனது. சீனாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். வந்ததில் பல பிழைக்கவில்லை. மிஞ்சிய எருமைகளின் விலை பல மடங்கு ஏறியது, எருமைத் திருட்டும் பெருகியது. உழவுக்கு லாயக்கான பிராணியை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் போஹோல் தீவில் ஒருவர் சிக்கினார். தன் எருமையைத் தானே வெட்டினார், அனுமதி வாங்கவில்லை. 'எங்கள் ஊரில் இறைச்சிக்கூடமே இல்லை, இறைச்சிக்கூடத்துக்குத்தானே இந்தச் சட்டம், என் சொத்தை நான் என்ன செய்தால் என்ன' என்று வழக்காடினார். 1910-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊர் பட்டினி கிடந்த கதையைத் தீர்ப்பிலேயே விரிவாக எழுதி, ஒருவருடைய சொத்துரிமையைவிட எல்லாருடைய சோறு பெரியது என்ற முடிவுக்கு வந்தது. அங்கே சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படித்துத்தான் தீர வேண்டும்.

இன்னொரு எருமை வழக்கும் இருக்கிறது. ஜனாதிபதி மார்கோஸ் காலத்து ஆணைப்படி ஆண் எருமையை ஏழு வயதுக்கு முன்பும், பெண் எருமையைப் பதினொரு வயதுக்கு முன்பும் வெட்டக்கூடாது. 1980-ல் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு எருமையைக் கொண்டுபோனாலே பறிமுதல். 1984 ஜனவரியில் ஒருவர் மஸ்பாத்தேயிலிருந்து இலோய்லோவுக்கு மோட்டார் படகில் ஆறு எருமைகளை ஏற்றிப் போனார், போலீஸ் பிடித்துக்கொண்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1987-ல் தீர்ப்பு அவர் பக்கம். ஆளை விசாரிக்காமலே சொத்தைப் பறிப்பது தவறு. தவிர, எருமையை வெட்ட நினைக்கிறவன் எந்த மாகாணத்தில் வேண்டுமானாலும் வெட்டலாமே, பயணத்தைத் தடுத்து என்ன பயன் என்று கேட்டது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பு எருமையை 'ஏழையின் டிராக்டர்' என்றும் சொன்னது, அதைக் காப்பது பொதுநலம்தான் என்று ஒப்புக்கொண்டது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால், எருமை அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

எல்லா இடத்திலும் அது உழவு மாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கு மலையில் இஃபுகாவ் மக்களின் படிக்கட்டு வயல்கள் மிகக் குறுகியவை. பெரும்பாலும் கையும் காலும்தான் உழவு. அங்கே எருமை பெரிய சடங்குகளில் பலியாகிறது. அதன் மண்டையோட்டைக் கொம்போடு வீட்டில் மாட்டிவைப்பார்கள். அந்த வீடு போட்ட விருந்துகளுக்கு அவைதான் சாட்சி.

பேச்சிலும் எருமை உண்டு. மாடாய் உழைப்பவரைக் கலபாவ் மாதிரி உழைக்கிறார் என்பார்கள். 'வயசாகிவிட்டது' என்று யாராவது சலித்துக்கொண்டால் உடனே பதில் வரும்: 'கலபாவ் லாங் அங் துமாதண்டா'. எருமைக்குத்தான் வயசாகும் என்று அர்த்தம். என் தலைநரையைப் பார்த்து ஒரு பாட்டி இதைச் சொன்னார், மனசுக்கு நிறைவாக இருந்தது. அங்கே பேர்போன மாம்பழத்துக்குப் பெயரே கரபாவோ மாம்பழம்தான்.

இப்போது வயலில் குலிக்லிக் ஓடுகிறது. சிள்வண்டுக்கு அந்தப் பெயர், அதே மாதிரி இரைவதால் கைடிராக்டருக்கும் அதே பெயர். எருமைக்கு உழவு குறைந்தது. 1992-ல் தனிச் சட்டம் இயற்றி பிலிப்பைன்ஸ் கரபாவோ மையத்தை ஏற்படுத்தினார்கள். நுவேவா எசிஹா மாகாணத்தில் முன்யோஸ் நகரில் அதன் தலைமையகம். நாட்டுக் கரபாவோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் கறக்கும். அதனால் முர்ராவோடு கலப்பினம் செய்கிறார்கள். 50-ம் 48-ம் சேர்ந்து 49 குரோமோசோமோடு கன்று பிறக்கிறது. அதுவும் சினை பிடிக்கிறது. நம் நாட்டு இனத்தின் ரத்தம் அந்தத் தொழுவத்தில் ஓடுவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். அந்தக் கொழுத்த பாலில் உறை குத்தி, வாழை இலையில் பொதிந்து விற்பது கேசோங் புத்தி, வெள்ளைப் பாலாடைக்கட்டி. பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி உருட்டினால் பாஸ்தியாஸ். நம் பால்கோவாவுக்கு உறவு. புலக்கான் மாகாணத்தின் சான் மிகேலில் அந்த மிட்டாயைச் சுற்றும் மெல்லிய தாளில், குடிசையும் பூவும் தெரிகிற மாதிரி சின்னக் கத்தரியால் வெட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். விரல் நீள மிட்டாய்க்கு மணிக்கணக்கில் வேலை.

அதே புலக்கானில் புலிலான் என்று ஓர் ஊர். மே 14, உழவர்களின் புனிதர் சான் இசித்ரோ திருநாளுக்கு முந்தின நாள். எருமைகளின் மயிரை மழித்து, எண்ணெய் பூசி, பூவும் ரிப்பனும் கட்டி அழைத்து வருகிறார்கள். தேவாலய வாசலுக்கு வந்ததும் எருமை முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்டியிடுகிறது. அதற்கென்று பழக்கப்படுத்துகிறார்கள். தார்ச் சாலையில் கல் குத்தும், அந்தப் பழக்கம் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. மருத்துவனாக நானும் அந்தக் கவலையோடுதான் போனேன்.

என் முன்னால் ஒரு பெரியவரின் எருமை மண்டியிட்டது. எழுந்ததும் அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, தேவாலயத்தையும் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் உள்ளங்கையால் தடவி, ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, தோல் எங்காவது வழன்றிருக்கிறதா என்று விரலால் பார்த்தார். அப்புறம் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு அதன் முதுகில் ஊற்றினார்.

நன்றி. வணக்கம்.