அறிவித்தலில் இல்லாத ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பாயியும் வானொலி நேயர்தான். ஆனால் பாட்டுக் கேட்க மாட்டார், நாடகம் கேட்க மாட்டார். மரண அறிவித்தல் மட்டும்தான். "பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும் கொண்ட" என்று ஆரம்பித்ததும் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "புள்ள, ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வையி."

யாழ்ப்பாணத்தில் யாரோ, மட்டக்களப்பில் யாரோ. ஒருவர் முகமும் அப்பாயிக்குத் தெரியாது. பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவருக்கும், செத்தவர்களுக்காக நாங்கள் கத்தோலிக்கர் சொல்லும் 'நித்திய இளைப்பாற்றி' செபம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைப் புரட்டுவார். ரொட்டி கருகியிருந்தால், "இன்னைக்குக் கொஞ்சம் கூடப் போல" என்று தாத்தா சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன்: "அவங்க எல்லாம் நம்ம வேதமா அப்பாயி?"

"சர்வேசுரன் என்னா, வாசல்ல நின்னு ஐடென்டி கார்டு கேக்கவா போறாரு?"

அந்தப் பகிடியின் எடை அப்போது எனக்குப் புரியவில்லை. 1948இல், தேயிலைத் தோட்டத் தமிழர் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் வந்தபோது அவருக்கு வயது 17. பிறந்த மண்ணிலேயே எந்த நாட்டுக்காரி என்று சொல்ல முடியாதவராக ஆனார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர் என்று பிரித்தார்கள். அப்பாயி இந்தக் கணக்கில் விழுந்தார், அவருடைய தம்பி அந்தக் கணக்கில் விழுந்தார். நானுஓயா ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டபோது, தன் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றித் தம்பியின் கையில் வைத்தாராம். அங்கிருந்து தலைமன்னார், அப்புறம் கப்பல். பிறகு கூடலூரிலிருந்து கடிதங்கள் வந்தன. அங்கேயும் தேயிலைதான்.

அப்பாயி போனபோது வயது 92. மரண அறிவித்தல் எழுதும் வேலை, வீட்டில் டீச்சர் என்பதால் என் தலையில் விழுந்தது. 'கந்தப்பளையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் அன்புப் பாட்டியார் என்று எழுதிக்கொண்டே போனேன். நடுவில் 'மரக்கறி விவசாயி' என்று இரண்டு சொல் சேர்த்தேன். அப்பா வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனாவால் வெட்டினார். "அது தாத்தாவோட தொழில்மா."

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. குத்தகைச் சீட்டு தாத்தா பெயரில், பசளை அட்டை தாத்தா பெயரில். லொறிக்காரரின் பில்லும் அப்படியே. தாத்தா போய் இருபது வருடமாகியும் பில்லில் அவர் உயிரோடுதான் இருந்தார்.

ஆனால் நான் கண்ட விவசாயி அப்பாயிதான். 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. கிழங்குக்கு விலை வந்தது. தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அப்பாயி, தாத்தாவை நச்சரித்து அரை ஏக்கர் குத்தகைக்கு எடுக்க வைத்தார். முதல் கிழங்குக் காசில் வாங்கியதுதான் அந்த ரேடியோ. பிறகு கரட், கோவா, லீக்ஸ் என்று மாறி மாறிப் போட்டார்கள்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லீக்ஸ் கன்று நடும்போது செபமாலை சொல்லுவார், ஒரு அருள் நிறைந்த மந்திரத்துக்கு ஒரு கன்று. ஐம்பத்து மூன்று மணி முடிந்தால் 53 கன்று. இடையில் வரும் பரலோக மந்திரத்துக்கு நடுவதில்லை, அது இடுப்பு நிமிர்த்த. முடித்ததும் ஒரு கூழாங்கல்லை வரம்பில் வைப்பார். பின்னேரம் கல்லை எண்ணிப் பார்ப்போம். இருபது கல் என்றால் 1,060 கன்று. தரகர் கொப்பியில் எழுதியதை விட அந்தக் கல்லைத்தான் எங்கள் வீட்டில் நம்பினோம்.

மந்திரமும் பழைய மந்திரம். கோயிலில் எல்லோரும் 'அருள் நிறைந்த மரியே' என்று மாறிய பிறகும் அவர் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்றுதான் சொன்னார். இளம் பாதர் ஒருவர் அன்பாகத் திருத்தப் பார்த்தார். "மாதாவுக்கு என் கொரலு இப்பிடியே பழகிப்போச்சு சாமி" என்றார். பாதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தை, மாசியில் எங்கள் பக்கம் உறைபனி விழும். விடியும் முன்னே புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெளுத்திருக்கும். அந்தப் பனி மேல் சட்டென்று வெயில் பட்டால் உருளைக்கிழங்கு இலை கருகிவிடும். அதனால் இருட்டிலேயே எழும்பி, வாளியில் தண்ணீர் கொண்டுபோய் இலையைக் கழுவ வேண்டும். அப்பாயிக்கு எண்பது தாண்டியும் அந்த வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை. நாங்கள் போர்வைக்குள் கிடந்து, வாளி கல்லில் இடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது நித்திரைதான் பெரிதாக இருந்தது.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது, பழைய காலத்து மனுஷி சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். ரேடியோவைப் பார்த்தே ஏசினார்: "மொதல்ல மாட்டக் குடுத்துட்டு அப்புறமா ஒரத்த நிப்பாட்டச் சொல்லு." சாணி எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை மாடு வேண்டும், அந்த மாட்டுக்கு எங்கே புல் என்று விரல் விட்டுச் சொன்னார். தடையை எடுக்கும்போது கார்த்திகை வந்துவிட்டது. எங்கள் கரட் சுண்டு விரல் அளவில் நின்றிருந்தது.

அடக்கத்துக்கு முந்தின இரவு. வீடு நிறைய சனம். அறிவித்தல் நேரம் வந்ததும் யாரோ ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். அப்பாயியின் பெயர் வாசித்தார்கள். அழுகை எழும்பியது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அடுத்த பெயர் வந்தது, வவுனியாவில் ஒரு பெரியவர். ரேடியோவை நிறுத்தக் கை நீட்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைக்காமலே அந்தப் பெரியவருக்கு ஒரு 'நித்திய இளைப்பாற்றி' சொல்லி முடித்தார். பிறகுதான் கையை விட்டார்.

லீக்ஸ் அறுவடைக்கு நின்றது. செத்த வீடு என்று லொறி காத்திருக்காது. விடியக்காலை மூன்று மணிக்கு அத்தையும், பக்கத்துத் தோட்டத்துச் சிங்கள அக்காவும், நானும் டோர்ச் வெளிச்சத்தில் லீக்ஸ் பிடுங்கினோம். ஓடையில் கழுவி, கட்டாகக் கட்டி, ரோட்டுக்குத் தூக்கினோம். லொறிக்காரர் நிறுத்து முடித்து, பில்லில் வழக்கம் போல் தாத்தாவின் பெயரை எழுதப் போனார்.

"எங்கம்மா பேர எழுதுங்க" என்றார் அத்தை.

அவர் ஒரு நிமிஷம் அத்தையைப் பார்த்தார். பிறகு பெயரைக் கேட்டு எழுதினார். அந்தப் பில் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தச் சொல்ல நேரம் இருக்கவில்லை, பின்னேரம் மூன்று மணிக்குச் சேமக்காலைக்குப் போக வேண்டியிருந்தது.