சீட்டும் டோனட்டும்

நடுவர் ஐயா, அவையோரே, வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வர்றேன்.

பிழைக்கப் போன நாட்டில் தொழில் வளர்வது தன் திறமையாலா, சொந்தபந்தத்தாலா? சொந்தபந்தம்தான் என்கிறது எங்கள் அணி. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "சொந்தக்காரங்க கூடினா சீட்டு பிடிப்பாங்க, அப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஓடுவாங்க." அதுக்குக் கைதட்டல் வேற!

கலிபோர்னியாவுக்குப் போவோம். கம்போடிய அகதி டெட் ங்கோய், 1975இல் வந்து இறங்குகிறார். ராத்திரி பெட்ரோல் பங்கில் வேலை. பக்கத்துக் கடையில் டோனட் வாசனை. சும்மா வாசனையா ஐயா? நம்ம டீக்கடையில் விடியக்காலை முதல் ஈடு வடை போடும்போது தூங்கறவனைத் தூக்கி உட்கார வைக்குமே, அந்த வாசனை! தொழிலைக் கத்துக்கிட்டார். 1977இல் கிறிஸ்டிஸ் என்ற கடையை வாங்கினார். மனைவி பெயர் சுகந்தினி. அட, நம்ம எதிர்வீட்டுப் பெயர்! அவரும் கிறிஸ்டி ஆயிட்டார். போர்டை மாத்தினா செலவு, பெயரை மாத்தினா சும்மா!

அடுத்தடுத்து கடை வாங்கி, பின்னால் வந்த அகதிகளுக்குத் தொழில் பழக்கிக் குத்தகைக்கு விட்டார். முதல் ஏது? கடன் வாங்கிக் கட்டின வரலாறு இல்லாதவனுக்கு பேங்க் கதவு திறக்குமா? திறந்தது சீட்டு. அவங்க பாஷையில் தொங்தின்.

கணக்கு கேளுங்க தம்பி. 20 பேர், மாசம் 500 டாலர், சீட்டு 10,000. அவசரக்காரர் ஏலத்தில் 1,500 தள்ளி எடுத்தா கையில் 8,500. தள்ளினது மத்தவங்க பிரிச்சுக்கற லாபம், அதாவது கசர். உடையறது எங்கே? முதல் மாசமே எடுத்தவன் மிச்சம் 19 தவணை கட்டாம நழுவும்போது. அதனால விவரமான சீட்டுத்தலைவி புது ஆளுக்கு முதல் ஏலம் தரமாட்டா. தெரிஞ்சவர் ஜாமீன் நிக்கணும். பேங்கை ஏமாத்தினா வக்கீல் தேடுவார், சீட்டை ஏமாத்தினா மாமியார் தேடுவார். யார்கிட்ட தப்பிக்கலாம், சொல்லுங்க!

டெட் எல்லாத்தையும் தொலைச்சாரே என்பீங்க. தொலைச்சார். அது லாஸ் வேகஸ் சூதாட்டச் சீட்டு தம்பி, நான் சொன்னது வேற சீட்டு!

2018, சீல் பீச் ஊர். கம்போடிய டோனட் கடைக்காரர் ஒருத்தரோட மனைவி நோயில் விழுந்தார். விடியக்காலை கடை திறந்ததும் ஊரே வந்து டஜன் டஜனா வாங்கிச்சு. சீக்கிரம் தீர்ந்தா மனுஷன் மனைவி பக்கத்தில் போய் உட்காரலாமே! பணம் திரட்டித் தரவான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டார், அவளோட இருக்க நேரம் கிடைச்சா போதும்னார். இவங்க ரத்த சொந்தமா? சீட்டு கட்டினவங்களா? இல்லையே! ஆனா கஷ்டத்தில் கூட நின்னாங்களே, அதுவும் சொந்தபந்தம்தான்!

பத்து மணிக்குள்ள தட்டெல்லாம் காலி. கடையைப் பூட்டிட்டு அவர் கிளம்பிட்டார், நடுவர் ஐயா. நானும் கிளம்பறேன்.