உண்ணுநீர் விக்கினான்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் இரண்டு வரிசை நாற்காலி காலி. சரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒரு பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கலித்தொகையில் குறிஞ்சிக்கலி, கபிலர் பாடியது, 51ஆம் பாட்டு. ஒரு பெண் தன் தோழியிடம் கதை சொல்கிறாள். "சுடர்த்தொடீஇ கேளாய்", அடியே, கேளேன் என்று ஆரம்பிக்கிறாள். நாம் சின்னப் பிள்ளைகளாகத் தெருவில் மணல்வீடு கட்டி விளையாடும்போது காலால் சிதைப்பானே, தலையில் வைத்த மாலையைப் பிய்ப்பானே, வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே, அந்தச் சிறுபட்டி, அடங்காத பயல், அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். நானும் அம்மாவும் இருந்தோம். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றான். அம்மா, பொன் கலத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு என்றாள். அவன்தான் என்று தெரியாமல் போனேன். வளையல் போட்ட என் முன்கையைப் பிடித்துவிட்டான். பதறிப்போய், "அன்னாய் இவனொருவன் செய்தது காண்" என்று கத்திவிட்டேன்.

அம்மா அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். அந்த நொடியில் பெண்ணின் வாயிலிருந்து வரும் வார்த்தை, "உண்ணுநீர் விக்கினான்." தண்ணீர் குடிக்கும்போது விக்கிவிட்டதம்மா! அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் கொல்வதுபோல் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான், அந்தக் கள்வன் மகன்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. கையைப் பிடித்தது தப்பு. அவள் கத்தியது சரி. அப்புறம் அவனைக் காப்பாற்றியது அவளாக எடுத்த முடிவு, அவன் கேட்டு வாங்கியது இல்லை. இந்தக் காலத்தில் இன்னொருவர் விருப்பம் தெரியாமல் யார் மேலும் கை வைக்காதீர்கள். இதைச் சொல்லாமல் இந்தப் பாட்டை நான் வகுப்பில் நடத்தியதே இல்லை.

எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது அந்த அவசரப் பொய். யோசித்துச் சொன்னதில்லை. உள்ளே இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. கத்தினவளும் அவளே, காப்பாற்றினவளும் அவளே. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் இந்த வயதை எப்படிக் கவனித்திருக்கிறார், பாருங்கள். முதல் பார்வையில் நடப்பவை இவை: புகுமுகம் புரிதல், பொறிநுதல் வியர்த்தல், நகுநயம் மறைத்தல், சிதைவு பிறர்க்கு இன்மை. அவன் பார்வை தன் மேல் படுவதை விரும்புகிறாள், நெற்றி வியர்க்கிறது, வருகிற சிரிப்பை மறைக்கிறாள், உள்ளே கலங்கியது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள். அடுத்த கட்டத்தில் கூந்தலை அவிழ்க்கிறாள், காதணி ஒன்றைக் கழற்றுகிறாள், போட்ட நகையையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், உடையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்கிறாள். "காதொன்று களைதல்" என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். இரண்டு காதணியும் இல்லை, ஒன்று! கை சும்மா இருக்க முடியாமல் எதையாவது கழற்றுகிறது. இலக்கணம் எழுதியவர் இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. மழை வருவதற்கு முன் எறும்பு வரிசையாகப் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

நாம் அப்படிப் பார்க்கிறோமா? ஆசிரியர்கள் அறையில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் கடிதம் சிக்கியது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். ஒருவர் உரக்கப் படித்தார். "உன் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது." கடைசியில், "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்." பாவம், விடுப்பு விண்ணப்பம் தவிர வேறு கடிதம் எழுத நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை! எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கதவுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்து, அதில் இருக்கும் ஒழுங்கைப் பார்த்து மயங்கிய பிள்ளை அவன். அதைவிடக் கண்ணியமான காதல் கடிதத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. அன்று சிரித்ததற்காக இன்னும் வருந்துகிறேன்.

இந்த வயதில் கூச்சம் ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார், 'கற்பனைப் பார்வையாளர்கள்'. ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வளரும் பிள்ளை நம்புகிறது. 2000இல் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். கல்லூரிப் பிள்ளைகளே இப்படி என்றால் பத்தாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆய்வைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஒரு டவுன் பஸ்.

1984. நான் பிளஸ் ஒன். வெள்ளைத் தாவணி, நீலப் பாவாடை. பஸ்ஸில் எனக்கு இடப்பக்க ஜன்னலோர சீட் கிடைத்துவிடும், ஏனென்றால் எங்கள் ஊரில்தான் பஸ் புறப்படும். நாலாவது நிறுத்தத்தில் ஒருவன் ஏறுவான். ஏறுவதற்கு முன் தன் துணிப்பையை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டுவான். படியில் தொங்குகிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுப்பது அப்போது வழக்கம்தான். நான் வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். பேச்சு கிடையாது. அந்தப் பையின் கனம் ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பூகோளம் இல்லை, இலேசாக இருக்கும்.

ஒருநாள் என் இடது கன்னத்தில் பரு வந்தது. அம்மா சாதிக்காயை இழைத்துப் பூசிவிட்டார். பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் தெரிவது இடது கன்னம். அதனால் நான் வலப்பக்க சீட்டுக்கு மாறினேன். என் பழைய ஜன்னலில் ஒரு பாட்டி, மடியில் கீரைக்கட்டுகள். அவன் வழக்கம்போலக் கையை நீட்டிவிட்டு, பாட்டியைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். பாட்டி பையை வாங்கிக் கீரைமேல் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அப்படியே போயிற்று.

பரு அடங்கி நான் பழைய இடத்துக்கு வந்த அன்று, பையை நீட்டியபடி முதன்முதலாகப் பேசினான். "உடம்பு சரியில்லையா?" பாதி வரை கட்டைக்குரல், 'யில்லையா' கீச்சென்று மேலே போய்விட்டது. அவன் காது மடல்கள் சிவந்தன. "இல்ல, அந்தப் பக்கம் வெயில்" என்றேன். எந்தப் பக்கம் வெயில் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவன் என் பருவைப் பார்க்கவே இல்லை. குரல் உடைந்ததை நினைத்து அன்று முழுக்க அவன் தவித்திருப்பான். எனக்கு அந்தக் கீச்சுக்குரல்தான் பிடித்திருந்தது. அதை அவனிடம் யார் போய்ச் சொல்வது?

பிள்ளைகளே, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் இந்த நிமிஷம் தன் பருவைத்தான் மறைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுடையதைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

அடுத்த வாரம் அவன் டிபன் பாக்ஸ் மூடி நெகிழ்ந்து மோர்க்குழம்பு என் மடியெல்லாம் ஒழுகியது. வெள்ளைத் தாவணியில் மஞ்சள் கறை. வீட்டுக்கு வந்ததும் நானே துவைத்தேன். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துவைகல்லுக்கு அருகில் அம்மா வந்து நின்றார். "என்னடி இது?"

"மத்தியானம் சாப்பாட்டுல கொட்டிட்டேன்மா."

நான் அன்று கொண்டுபோயிருந்தது புளியோதரை. கட்டிக் கொடுத்தவரே அம்மாதான். அவர் தாவணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அலசிப் பிழிந்து வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் கொடியில் போட்டார்.

மறுநாள் காலையில் என் புத்தகங்களின் மேல் பழைய துண்டு ஒன்று நாலாக மடித்து வைத்திருந்தது. அடுக்களையிலிருந்தே அம்மா சொன்னார், "மடியில போட்டுக்கோ."